பயிற்சி மண்டபத்தில் பணத்தை எதில் போடுவது?

நீங்கள் கேட்டது இதுதான். கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் உங்கள் சங்கத்துக்குப் பழைய கிடங்கு ஒன்று நீண்டகாலக் குத்தகைக்குக் கிடைத்திருக்கிறது. அதை இடித்துவிட்டு எட்டுப் பூப்பந்து ஆடுகளம், இரண்டு ஸ்குவாஷ் அறை, பிள்ளைகள் சிலம்பமும் கபடியும் பழக ஓர் இடம் என்று ஒரு மண்டபம் கட்டப் போகிறீர்கள். முதல் வரைபடத்தை அனுப்பி, ‘கட்டடத்தின் வடிவமைப்பால் ஒரு விளையாட்டாளரின் ஆட்டம் உண்மையிலேயே உயருமா, இல்லை அது கட்டடக் கலைஞர்கள் சொல்லிக்கொள்ளும் பெருமையா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

உயரும். அளந்து பார்த்த சான்றே இருக்கிறது. ஆனால் உங்கள் வரைபடத்தில் பணம் அதிகமாகப் போயிருக்கும் இடத்தில் அது நடக்காது. கண்ணாடி முகப்பு, வளைந்த கூரை, 400 பேர் உட்காரும் மாடம் எல்லாம் திறப்பு விழா அன்று அழகாகத்தான் இருக்கும். மாலை ஏழு மணிக்கு வந்து ஒன்பது மணி வரை வியர்க்க வியர்க்கப் பழகும் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அவற்றால் ஒன்றும் ஆகப் போவதில்லை. அந்தப் பிள்ளையின் உடம்பு கட்டடத்தில் எதைத் தொடுகிறது என்று பாருங்கள். காலுக்கடியில் தரை, சுற்றிலும் காற்று, கண்ணில் வெளிச்சம். ரிங்கிட்டை முதலில் அங்கே போடுங்கள்.

தரையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் சான்று வலுவாக இருப்பது அங்கேதான். 1970களில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தாமஸ் மக்மேன், பீட்டர் கிரீன் என்ற இருவர், ஓடுகிறவரின் காலைச் சுருள்வில் போல வைத்துக் கணக்குப் போட்டார்கள். தரை ரொம்ப மெத்தென்று இருந்தால் வேகம் விழுகிறது. கல் போல இருந்தாலும் முழு வேகம் கிடைப்பதில்லை. நடுவில் ஓர் அளவில் தரையும் காலும் ஒத்துப்போகின்றன. அந்தக் கணக்கின்படி 1977ல் அங்கே ஓர் உள்ளரங்க ஓடுபாதை போட்டார்கள். ஓட்டவீரர்களின் வேகம் 2 முதல் 3 விழுக்காடு கூடியது, காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. அதே பயிற்சி, அதே கால்கள். மாறியது தரை மட்டுமே.

நம் ஊர்க் கதை ஒன்றும் இருக்கிறது. மலேசிய ஓட்டவீரர் டாக்டர் எம். ஜெகதீசன் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் அரையிறுதி வரை போனபோது ஓடியது கரித்தூள் பாதையில். 1968ல் மெக்சிகோ நகரில்தான் ஒலிம்பிக் முதன்முறையாகச் செயற்கைப் பாதையில் நடந்தது. அங்கே அவர் ஓடிய 20.92 விநாடி, மலேசியச் சாதனையாக 2017 வரை அசையாமல் நின்றது. மெக்சிகோ நகரம் 2,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் மெல்லிய காற்றும் கைகொடுத்திருக்கும். ஆக, எல்லாப் பெருமையையும் பாதைக்கே கொடுத்துவிட முடியாது. முதன்மையான பெருமை அந்த மனிதருக்கு. இருந்தாலும் காலடியில் இருப்பது விநாடிக் கணக்கில் தெரியும் என்பதற்கு இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு நமக்கு வேண்டியதில்லை.

பூப்பந்துக்கு வருவோம். கோலாலம்பூரைச் சுற்றி வாடகைக்கு விடும் மண்டபங்களில் நிறைய, தொழிற்பேட்டைக் கட்டடத்தின் சிமெண்டுத் தரைமேல் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள பச்சை விரிப்பை அப்படியே ஒட்டியவை. பார்க்கச் சர்வதேச ஆடுகளம் மாதிரியே இருக்கும். ஆனால் பின்கோட்டிலிருந்து எகிறி அடித்துவிட்டு ஒற்றைக் காலில் இறங்கும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை முழங்காலில் இறங்குகிறது. அந்த விரிப்பு அதில் கொஞ்சத்தைத்தான் வாங்கிக்கொள்ளும். வார இறுதியில் ஒரு மணி நேரம் ஆடுகிறவர் தாங்கிக்கொள்வார். வாரத்துக்குப் பத்துப் பதினைந்து மணி நேரம் பழகும் வளரும் பிள்ளைக்கு முட்டியும் குதிகாலும் போய்விடும். காயம் இல்லாமல் பழகிய மாதங்கள்தான் திறமையாகச் சேருகின்றன. அதனால் நல்ல தரையை வசதி என்று பார்க்காமல் பயிற்சியின் ஒரு பகுதி என்றே பாருங்கள்.

வேண்டியது சட்டங்களின்மேல் பலகை போட்டு, நடுவில் அதிர்வு தாங்கும் ரப்பர் வைத்து, அதற்கும் மேலே விரிப்பு போடும் தரை. உள்ளரங்கத் தரைகளுக்கான ஐரோப்பியத் தரவிதி 14904, சிமெண்டுத் தரையோடு ஒப்பிட்டு எத்தனை விழுக்காடு அதிர்ச்சியைத் தரை உறிஞ்சுகிறது என்று அளக்கிறது. 25 முதல் 75 வரை ஏற்கிறது. உங்கள் பிள்ளைகளுக்கு 50க்குக் கீழே வேண்டாம் என்பது என் கருத்து. அதே விதி வழுக்கலையும் அளக்கிறது, அதற்கென்று உள்ள அளவுகோலில் 80 முதல் 110 வரை ஏற்கிறது. இதில் இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு. வழுக்கினால் விழுவோம் என்று எல்லாருக்கும் தெரியும். ரொம்பப் பிடித்தால் கால் நின்றுவிடும், உடம்பு திரும்பிவிடும், கணுக்கால் பிசகும்.

நம் ஊருக்கே உரிய இரண்டு தொல்லைகளையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஒன்று கரையான். அடிச்சட்டங்கள் மருந்து ஏற்றிய மரமாக இருக்க வேண்டும், தரைக்கடியில் பார்க்கக் கதவு வேண்டும். இன்னொன்று ஈரப்பதம். பகலெல்லாம் ஏர்கான் போட்டு இரவில் நிறுத்தினால் மரம் சுருங்கி விரிந்து, சில ஆண்டுகளில் பலகை மேடு பள்ளமாகிவிடும். ஏர்கானை விட்டுவிட்டுப் போடுவதாக இருந்தால் திட மரத்தைவிட ஒட்டுப்பலகையே பாதுகாப்பு.

அடுத்து காற்று. இதில்தான் உங்கள் வரைபடம் எனக்குக் கவலை தருகிறது.

இறகுப்பந்தின் எடை சுமார் 5 கிராம். அதன் பாவாடை காற்றைப் பிடித்துக்கொள்ளவே செய்யப்பட்டது. காற்று எந்தப் பக்கம் நகர்கிறதோ பந்தும் அந்தப் பக்கம் நகரும். பின்கோட்டிலிருந்து பின்கோட்டுக்கு உயரமாகத் தூக்கி அடிக்கும் பந்து இரண்டு விநாடிக்கு மேல் ஆகாயத்தில் இருக்கும். காற்று நொடிக்கு வெறும் 0.2 மீட்டர் நகர்ந்தாலே, அந்த நேரத்தில் பந்து கிட்டத்தட்ட 40 சென்டிமீட்டர் வரை விலகலாம். ஒற்றையர் கோட்டுக்கும் இரட்டையர் கோட்டுக்கும் நடுவே உள்ள பட்டையின் அகலமே 46 சென்டிமீட்டர்தான். தோலில் உணர முடியாத காற்று, உள்ளே விழ வேண்டிய பந்தை வெளியே தள்ளிவிடும். அதனால்தான் பூப்பந்து, மேசைப்பந்து அரங்குகளுக்கு நொடிக்கு 0.2 மீட்டருக்குக் கீழே என்று வடிவமைப்பாளர்கள் எல்லை வைக்கிறார்கள்.

உங்கள் வரைபடத்தில் ஏர்கான் வாய்கள் ஒரு நீளச்சுவரில் வரிசையாக இருக்கின்றன, எதிர்ச்சுவரில் உறிஞ்சும் வாய்கள். அலுவலகத்துக்கு அது சரி. இங்கே அது எட்டு ஆடுகளத்தின் குறுக்கே ஓர் ஆறு ஓடுவதற்குச் சமம். அதற்குப் பதிலாக, கூரைக்கடியில் ஆடுகளங்களின் இடைவெளிக்கு நேரே, துளையிட்ட துணிக் குழாய்களை ஓட்டுங்கள். குளிர்ந்த காற்று எண்ணற்ற சிறு துளைகள் வழியே கசிந்து, வேகம் இல்லாமல் கீழே இறங்கும். திரும்பிப் போகும் காற்றை இரண்டு பக்கச் சுவரிலும் தாழ்வாகச் சமமாக எடுக்க வேண்டும். வாசலுக்கு இரண்டு கதவு வையுங்கள், நடுவில் சின்ன அறையோடு. ஒரு கதவு மட்டும் இருந்தால், ஒவ்வொருவர் நுழையும்போதும் வாசலோர ஆடுகளத்தில் பந்து ஆடும்.

ஏர்கானே வேண்டாம் என்று நினைப்பவர்களும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. நம் மண்டபங்கள் பலவற்றில் பந்து அசையக் கூடாது என்பதற்காக எல்லாவற்றையும் மூடிவிட்டு விசிறிகூட இல்லாமல் ஆடுகிறோம். ஆனால் புக்கிட் ஜாலிலில் மலேசியப் பொதுப் போட்டி நடக்கும் உள்ளரங்கம் மாதிரி பெரிய இடங்களில் ஏர்கான் கட்டாயம் ஓடும். அங்கே ஒரு பக்கம் காற்றோடு, ஒரு பக்கம் காற்றை எதிர்த்து என்று ஆட வேண்டியிருக்கும். முதல் செட்டில் பந்தை நீளமாகத் தூக்குவதும், பக்கம் மாறியதும் அடக்கி ஆடுவதும் தனிக் கலை. அசையாத காற்றில் மட்டுமே வளர்ந்த பிள்ளை அங்கே போய்த் திகைக்கும். ஆகவே காற்றின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியை இப்போதே வைத்துவிடுங்கள். மற்ற நாளெல்லாம் அமைதியான காற்று, போட்டிக்கு முந்தைய வாரங்களில் வேண்டுமென்றே கொஞ்சம் ஓட்டம். பயிற்றுநர்கள் இதற்காக உங்களை வாழ்த்துவார்கள்.

காற்றின் சூடும் ஆட்டத்தை மாற்றும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, தடை குறைவு. 2012 லண்டன் ஒலிம்பிக்கின் சைக்கிள் அரங்கை வடிவமைத்த ஹாப்கின்ஸ் நிறுவனம், பந்தய வீரர் கிறிஸ் ஹோயிடம் யோசனை கேட்டுத்தான் வேலை செய்தது. ஓடுபாதையில் காற்றைச் சுமார் 28 டிகிரியில் வைத்தார்கள். 20 டிகிரியோடு பார்த்தால் அடர்த்தி ஏறக்குறைய 3 விழுக்காடு குறைவு. அவர்கள் காசு கொடுத்து உண்டாக்கிய அந்தச் சூடு நமக்கு இலவசம். பூப்பந்தில் அதே காரணத்தால்தான் வெப்பமான ஊர்களில் வேக எண் குறைந்த பந்தை எடுக்கிறோம். உங்கள் மண்டபம் ஒரு நாள் 24 டிகிரி, மறுநாள் 31 டிகிரி என்று தாவினால், பிள்ளையின் கைக்கு நீளம் பழகாது. ரொம்பக் குளிராக இருப்பது முக்கியமில்லை. தினமும் ஒரே மாதிரி இருப்பதுதான் முக்கியம். 26 டிகிரியில், ஈரத்தை நன்றாக எடுத்துவிட்டு ஓட்டினால் போதும். கோலாலம்பூரில் வியர்வை காயாததுதான் உடம்பைத் தளர்த்துகிறது, வெப்பமானி காட்டும் எண் அதற்கு அடுத்துதான்.

இந்தச் செலவையெல்லாம் குறைக்க ஒரே வழி கூரை. வெறும் தகடு போட்டால் மதியம் மூன்று மணிக்கு அது அடுப்பாகி, சூட்டை நேராகத் தலைமேல் இறக்கும். தகட்டுக்கடியில் கனமான வெப்பக் காப்பு போடுங்கள். இன்னொரு பலனும் கிடைக்கும். நம் ஊரில் மாலை இடிமழை தகட்டில் கொட்டும்போது பயிற்றுநர் என்ன கத்துகிறார் என்று அடுத்த ஆடுகளத்துக்கே கேட்காது. சரியான காப்பு அந்தச் சத்தத்தையும் விழுங்கும். வளைந்த கூரை வடிவத்துக்கு ஒதுக்கிய பணத்தை அப்படியே இங்கே மாற்றினால் எனக்கு மகிழ்ச்சி.

வெளிச்சம். உங்கள் கட்டடக் கலைஞர் வடக்குப் பக்கக் கூரையில் நீளக் கண்ணாடி வைத்திருக்கிறார். குளிர்நாட்டுப் பாடநூல்களில் வடக்கு வெளிச்சம் மென்மையானது, நேர் வெயில் வராது என்று இருக்கும். அங்கே அது உண்மை. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு 3 டிகிரி வடக்கில்தான் இருக்கிறது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அதாவது ஏறக்குறைய அரை ஆண்டு அந்தக் கண்ணாடி வழியே வெயில் நேராக ஆடுகளத்தில் விழும். உயரப் பந்தை அண்ணாந்து பார்க்கும் கண் கூசும், வெள்ளைப் பந்து வெள்ளை வானத்தில் காணாமல் போகும். ஆடுகளத்துக்கு மேலே கண்ணாடியே வேண்டாம். வெளிச்சத்தை நுழைவுக்கூடத்துக்கும் உடற்பயிற்சி அறைக்கும் கொடுங்கள்.

மின்விளக்குகள் ஆடுகளத்துக்கு நேர்மேலே வரக் கூடாது, இரண்டு பக்கமும் கோட்டுக்கு வெளியே ஓட வேண்டும். வெளிச்சத்தின் அளவுக்கு ஐரோப்பிய விதி பூப்பந்துக்கு மூன்று படி வைத்திருக்கிறது: பொழுதுபோக்குக்கு 300 லக்ஸ், சங்க ஆட்டத்துக்கு 500, மேல்மட்டப் போட்டிக்கு 750. உங்களுக்கு 500 போதும், 750க்கு ஏற்றும் வசதியோடு. மலிவான எல்இடி விளக்கு வாங்காதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அவை நொடிக்கு 100 முறை மினுக்கும். வேகமாக வரும் பந்து விட்டு விட்டுத் தெரியும். பின்சுவரும் கூரையின் உட்புறமும் அடர்ந்த பச்சையோ நீலமோ இருக்கட்டும். சங்கத்தின் பெயரையும் நன்கொடையாளர் பெயர்ப் பலகைகளையும் அந்தச் சுவரில் மாட்ட வேண்டாம். வாசலில் இன்னும் பெரிதாகவே மாட்டலாம்.

உயரம் பற்றிச் சுருக்கமாக. பெரிய சர்வதேசப் போட்டிகளுக்கு ஆடுகளத்துக்குமேல் 12 மீட்டர் தடையில்லாமல் வேண்டும். பயிற்சிக்கு 9 மீட்டர் இருந்தால் யாரும் பந்தை அடக்கி அடிக்கப் பழக மாட்டார்கள். நீங்கள் காட்டியிருக்கும் 7 மீட்டர் பற்றாது. சிலம்பத்துக்கு அந்த உயரம் பிரச்சினை இல்லை. அதற்குப் பக்கவாட்டில் இடம் வேண்டும். தூண்கள் இல்லாத மூலை ஒன்றை ஒதுக்கி, விளக்குகளுக்குக் கம்பிக்கூடு போடுங்கள். கபடிக்கு ஆண்கள் பாய் 13 மீட்டருக்கு 10 மீட்டர், அதைச் சுருட்டி வைக்கவும் இடம் வேண்டும்.

ஸ்குவாஷ் அறைகளை நினைத்தால் எனக்கு ஒரு தனி ஆசை. பினாங்குப் பெண்ணான நிக்கோல் டேவிட் எட்டு முறை உலக வெற்றியாளர் ஆனார்; 2006 முதல் 2015 வரை, தொடர்ந்து 108 மாதம், உலகின் முதல் இடத்தில் இருந்தார். நம் சிவசங்கரி ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தனிநபர் தங்கம் வென்றார். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் முதன்முறையாக இடம்பெறுகிறது. உங்கள் இரண்டு அறைகளிலும் ஒரு பிள்ளை இதே கனவோடு நிற்கும், அதனால் அவற்றைக் கூடுதல் அறையாக நினைத்து மூலையில் தள்ளாதீர்கள்.

அறை 9.75 மீட்டர் நீளம், 6.4 மீட்டர் அகலம். இங்கே பந்து ரப்பர். சூடு ஏறினால் அதிகம் எழும்பும். அறை சூடாக இருந்தால் புள்ளியை முடிக்க அடிக்கும் பந்துகூட எழும்பிவிடும், ஆட்டம் முழுக்க நீண்ட ஓட்டமாகிவிடும். கால்பலம் வளரும், ஆனால் முன்சுவரோரம் மெல்ல இறக்கும் நுணுக்கம் வளராது. வெளிநாட்டுக் குளிரறையில் பந்து எழும்பாமல் படுக்கும்போது அந்தப் பிள்ளை தடுமாறும். ஆகவே இங்கே ஏர்கான் கட்டாயம், அதோடு ஓர் எச்சரிக்கை. நம் வெளிக்காற்றின் ஈரம் ஏறக்குறைய 24 டிகிரியில் நீர்த்துளியாகப் படிந்துவிடும். சுவரை அதற்குக் கீழே குளிரவைத்து, ஏர்கானை நிறுத்திக் கதவைத் திறந்தால் சுவர் வியர்க்கும், தரையும் நனையும். பந்து சறுக்கும், ஆள் விழுவார். ஈரம் எடுக்கும் கருவி தனியாக, இரவிலும் மெதுவாக ஓடட்டும். அறைச் சுவர்கள் வெளிச்சுவராக இல்லாமல் கட்டடத்தின் உள்ளே இருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

இப்போது சங்கடமான விஷயம். உங்கள் நிலத்தில் மண்டபத்துக்குக் கிடைக்கும் நீளம் 58 மீட்டர். ஆடுகளத்தின் அகலம் 6.1 மீட்டர். எட்டையும் வரிசையாக வைத்தால் நடுவில் ஒரு மீட்டர்தான் மிஞ்சும். பக்கத்து ஆடுகளப் பந்து காலடியில் உருளும், இரட்டையர் ஆடும்போது மட்டையும் மட்டையும் இடிக்கும். இரண்டு மீட்டர் இடைவெளி விட்டு ஆறு வைத்தால் 50.6 மீட்டர். மிச்சமுள்ள 7 மீட்டரில் பொருள் வைக்கும் அறையும் கழிவறையும் வந்துவிடும். வாடகை வருமானம் கால்வாசி குறையும் என்பது உண்மை, சங்கத்தின் கணக்கில் அது வலிக்கும். இருந்தாலும் ஆறையே வையுங்கள் என்றுதான் சொல்வேன். பிள்ளைகளை உருவாக்கத்தான் இந்த மண்டபம் என்று நீங்களே முதல் வரியில் எழுதியிருக்கிறீர்கள்.

பொருள் அறை என்றேனே, அதை யாரும் வரைவதில்லை. வலைக்கம்பம், பாய், பந்துப் பெட்டி, துடைப்பான் எல்லாம் கடைசியில் ஆடுகளத்தின் ஓரத்திலேயே குவியும், ஓடிவரும் பிள்ளை அதில் மோதும். அப்புறம் பெண்பிள்ளைகளின் உடைமாற்றும் அறை. அது இருட்டான நடைவழியின் கடைசியில் இருந்தால் பதின்மூன்று வயதுக்குமேல் பல பெண்பிள்ளைகள் வருவதை நிறுத்திவிடுவார்கள். அதை வாசலுக்குப் பக்கத்தில், வெளிச்சமான இடத்தில் கொண்டுவாருங்கள். அம்மா அப்பா உட்கார்ந்து காத்திருக்கும் இடத்திலிருந்து ஆடுகளம் தெரியட்டும். 400 இருக்கைக்குப் பதில் 60 இருக்கை இதற்குப் போதும். சக்கரநாற்காலி தெருவிலிருந்து ஆடுகளம் வரை ஒரு படிகூட இல்லாமல் வரவேண்டும். டோக்கியோ பாராலிம்பிக்கில் மாற்றுத்திறனாளி வீரர் லியெக் ஹோவ் பூப்பந்தில் தங்கம் வாங்கிய நாடு இது. அடுத்தவர் உங்கள் வாசற்படியில் நிற்கக் கூடாது.

கட்டுமானக் குத்தகையாளரோடு கையெழுத்துப் போடும்முன் மூன்று சோதனைகளை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். தரைக்கு, போட்ட இடத்திலேயே எடுத்த அதிர்ச்சி, வழுக்கல் அறிக்கை. தொழிற்சாலை விளம்பரத் தாள் செல்லாது. காற்றுக்கு, ஏர்கான் முழுவேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு ஆடுகளத்திலும் ஐந்து இடத்தில், இடுப்புயரத்திலும் ஏற்றுமேடை வைத்து 5 மீட்டர் உயரத்திலும் காற்றளவி எண். கருவி வரும்வரை ஊதுபத்திப் புகையே பாதி உண்மையைச் சொல்லிவிடும். வெளிச்சத்துக்கு லக்ஸ் கணக்கு, கூடவே கைப்பேசியில் மெதுவோட்டப் படம் எடுத்து மினுக்கல் இருக்கிறதா என்று பார்ப்பது. மூன்றும் தேறும்வரை கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டாம். திருத்திய வரைபடம் வந்ததும் காற்றுக்குழாய்ப் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள், முதலில் அதைத்தான் பார்ப்பேன்.